வாங்கிப்போட்டு ஆர் இருக்கப் போறது?

தொடர்மாடி வாங்குவதா, காணியோடு தனிவீடு வாங்குவதா? ஒரு காலத்தில் கொழும்புக்குப் போகிறவர்கள் மட்டும் கேட்ட கேள்வி இது. இப்போது யாழ்ப்பாணத்திலேயே கேட்கிறார்கள். நல்லூர், கந்தர்மடம், திருநெல்வேலிப் பக்கம் ஒருக்கால் சுற்றி வாருங்கள். ஓட்டு வீடுகளுக்கு நடுவில் நாலைந்து மாடி எழும்பி நிற்கும். முன்னால் விளம்பரப் பலகை இருக்கும். அதில் உள்ளூர் இலக்கத்தோடு வெளிநாட்டுத் தொலைபேசி இலக்கமும் இருந்தால், யாரை நம்பிக் கட்டுகிறார்கள் என்று விளங்கிவிடும்.

என்னிடம் இதைக் கேட்பவர்கள் இரண்டு பகுதியினர். லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஆயுளில் பாதியை உழைத்துக் கழித்துவிட்டு, பென்சன் எடுத்த பிறகு வருடத்தில் இரண்டு மூன்று மாதம் ஊரில் நிற்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு பகுதி. இங்கேயே பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை செய்துகொண்டு, வாடகை வீட்டை விட்டு எழும்ப வழி தேடும் இளம் குடும்பங்கள் மற்றப் பகுதி. இரண்டு பகுதியினரும் விலையில்தான் கதையைத் தொடங்குவார்கள். நான் கேட்பது ஒன்றைத்தான்: வாங்கிப்போட்டு அதில் ஆர் இருக்கப் போறது? அதற்குப் பதில் கிடைத்தால் மீதிக் கதை பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் காணியின் கதையைச் சொல்கிறேன். எங்கட கணக்கில் ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 2,722 சதுர அடி. 16 பரப்புச் சேர்ந்தால் ஒரு ஏக்கர். பேரனார் காலத்தில் எட்டுப் பரப்பாக இருந்த வளவு, நாலு பெண் பிள்ளைகளின் சீதனத்துக்காக நாலாகப் பிரிந்து ஆளுக்கு இரண்டு பரப்பாகியது. மகள்மாரைத் தாய்வீட்டுக்குப் பக்கத்திலேயே இருத்துவது எங்கட வழக்கம். மருமகன்மார் வந்து சேருவார்கள், பொதுக் கிணற்றுக்குப் பங்கு எழுதுவார்கள், ஒழுங்கையில் வழிவாய்க்கால் உரிமை எழுதுவார்கள். இரண்டு பரப்பை அடுத்த தலைமுறையில் இன்னும் நாலாக்க முடியாது. அந்த இடத்தில்தான் மாடி எழும்புகிறது.

சனம் பெருகியதால்தான் காணி விலை ஏறியது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கிளிநொச்சி நீங்கலாக, யாழ் மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். சனம் குறைந்த ஊரில் காணி விலை ஏறியிருக்கிறது. நல்லூரைச் சுற்றிப் பரப்பு விலையைக் கோடியில் கதைக்கிறார்கள். வலிகாமம் வடக்கில் 1990இல் சனம் எழும்பிய நிலத்தில் ஒரு பங்கு இன்னும் விடுபடவில்லை. விடுபட்ட பகுதிகளில் பலருடைய வீட்டுக்கு அத்திவாரமும் மிஞ்சவில்லை. மற்றது, ஒவ்வொரு ஒழுங்கையிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், விற்கவும் மாட்டார், வாடகைக்குக் கொடுக்கவும் மாட்டார். காணி விலையைப் பற்றிக் கதைக்கிறவர்கள் இந்தப் பூட்டுகளையும் சேர்த்துக் கதைக்க வேண்டும்.

தொடர்மாடி எங்களுக்குப் புதிதா என்றால், முழுக்கப் புதிதில்லை. குருநகரில் கடற்கரைச் சனத்துக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொடர்மாடி நெடுநாளாக நிற்கிறது. ஆனாலும் நடுத்தர யாழ்ப்பாணத்தான் பிளாட் வாழ்க்கையைப் படித்தது வெள்ளவத்தையில்தான். யுத்தம் இறுகிய காலத்தில் வடக்கிலிருந்து போன சனம் லொட்ஜில் தொடங்கி, பிறகு காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பிளாட் பிளாட்டாகக் குடியேறியது. பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு எல்லாவற்றுக்கும் நடுவில், மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் எங்கட ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பெரிய தைரியமாக இருந்தது. கலியாணப் பேச்சில் சீதனக் காணிக்குப் பதிலாக 'வெள்ளவத்தையில் பிளாட்' என்று வந்ததும் அந்தக் காலத்தில்தான். அந்தப் பழக்கம்தான் இப்போது ரயிலேறி ஊருக்கு வந்திருக்கிறது.

தனிவீடு கேட்பவர்கள் பலருக்கு அதன் வேலை மறந்துபோய்விட்டது. என் பெரியம்மாவின் வீடு கோண்டாவிலில். மூன்று பரப்பு வளவு, ஓட்டு வீடு, முன் விறாந்தை, கோடிப்புறத்தில் கிணறு. ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம், இரண்டு தென்னை, முருங்கை, தேசி, கறிவேப்பிலை. விடிய எழும்பினால் முதல் வேலை முற்றம் கூட்டுவது. மாரி தொடங்க முன்னம் ஓடு பார்க்க ஆள் பிடிக்க வேண்டும், பீலியில் அடைத்த சருகை எடுக்க வேண்டும். கோடையில் கிணறு இறைத்துச் சேறு அள்ள வேண்டும். தேங்காய் பிடுங்க ஆள் தேடுவது இப்போது ஒரு தனி வேலை. இதெல்லாம் ஆள் இருந்தால் நடக்கும். ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அவவின் பக்கத்து வளவில் பார்த்தேன்.

அந்த வீட்டுக்காரர் பூட்டிவிட்டுப் போன முதல் மாரியில் பீலி அடைத்தது. தண்ணீர் வெளியே விழாமல் சுவரின் தலையில் இறங்கியது. அடுத்த வருடம் கறையான் வளையைப் பிடித்தது. சமையலறைச் சுவரும் மதிலும் பொருந்தும் இடுக்கில் ஒரு அரசங்கன்று முளைத்தது. விரல் மொத்தத்தில் இருந்தபோது ஒரு கத்தி போதும், வேரோடு பிடுங்கியிருக்கலாம். பிடுங்க ஆளில்லை. அது கை மொத்தத்துக்கு வந்தபோது வேர் சீமெந்துக்குள் புகுந்து சுவரை மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. கிணற்று மோட்டர் களவு போனது. டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து படலையில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார். காணி விலை மட்டும் இந்தக் காலத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து உரிமையாளர் தனக்கு லாபம் என்று நினைத்திருக்கலாம். வீடு என்ற ஒன்று அங்கே முடிந்துவிட்டது.

ஆகவே வருடத்தில் சில கிழமை வந்து நிற்பதற்காகத் தனிவீடு வாங்க நினைக்கிறவர்களிடம் நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். அந்த வருத்தம் உங்களுக்கும் வேண்டாம், அந்த வீட்டுக்கும் வேண்டாம். கதவைப் பூட்டிவிட்டுப் போக ஏற்றது தொடர்மாடிதான். காவலாளி இருப்பார், மேலே ஓடு இல்லை, முற்றம் கூட்ட வேண்டாம்.

ஆனால் தொடர்மாடிக்குள் போவதற்கு முன்னம் தண்ணீரைப் பற்றி விளங்கிக்கொள்ள வேண்டும். குடாநாட்டில் வீடு வாங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைத்தான், ஆனால் அதைத்தான் ஆகக் குறைவாகக் கேட்கிறார்கள். வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்களுக்கில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. நாங்கள் குடிப்பது அந்தப் படையைத்தான். நம்பாதவர்கள் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் போய்ப் பார்க்கலாம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உவர். முன்னோர் வெட்டிய திறந்த கிணறு மேற்படையை மட்டும் அள்ளியது. துலாவால் அள்ளியதற்கு ஒரு அளவும் இருந்தது. ஆழமாகக் குழாய் இறக்கி, பெரிய மோட்டரால் மணிக்கணக்காக உறிஞ்சினால் அடியிலுள்ள உவர் மேலே ஏறிவிடும். இருபது குடும்பத்துக்கு ஒரே இடத்தில் தண்ணீர் இழுக்கும் தொடர்மாடிக்கு இது பெரிய கேள்வி.

அப்படியென்றால் சொந்தக் கிணறு உள்ள தனிவீடு பாதுகாப்பா? இரண்டு பரப்புக் காணி ஒன்றை எடுத்துப் பாருங்கள். முகப்பு 55 அடி, நீளம் 99 அடி என்று வைப்போம். கிணறு ஒரு மூலையில், மலசலகூடக் குழி எதிர் மூலையில். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது விடச் சொல்வார்கள். உங்கள் வளவுக்குள் அதை விட்டுவிடலாம். மதிலுக்கு அந்தப் பக்கம்? அயலவருடைய குழி உங்கள் கிணற்றிலிருந்து 20 அடியில் இருக்கும், உங்களுடைய குழி அவருடைய கிணற்றுக்கு அதே தூரத்தில் இருக்கும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்குள் போன கழிவு மதிலைக் கண்டு நிற்காது. தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் சேர்ந்து, குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபா நட்டஈட்டுக்குத் தீர்ப்பானதை எல்லோரும் அறிவோம். எத்தனை வளவுக்காரர் தங்கள் கிணற்றடியில் நின்று வாளித் தண்ணீரை மணந்து மணந்து பார்த்தார்கள்! மேலே நாங்கள் மதில் கட்டிப் பிரிந்து இருக்கிறோம். கீழே எல்லோரும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் தரக்கூடியது. இரணைமடுவிலிருந்து கொண்டுவர இருந்த தண்ணீருக்கு, கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான எதிர்ப்புக்குப் பிறகு வந்த மாற்றுவழி அது. குழாய்த் தண்ணீர் வந்த வீதியில் தொடர்மாடி வாங்குவதும் வராத வீதியில் வாங்குவதும் ஒன்றல்ல. கழிவுநீர்ப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். யாழ் நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இன்றைக்கும் கிடையாது. அத்தனை குடும்பத்தின் கழிவும் எங்கே போகிறது, சுத்திகரிப்பு இருக்கிறதா, குழியென்றால் அது எவ்வளவு நாளுக்கொருமுறை இறைக்கப்படுகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். குசினி மேசையின் கருங்கல்லைத் தடவிப் பார்ப்பதை விட இது முக்கியம். பதில் சொல்லத் தடுமாறினால் எழும்பி வந்துவிடுங்கள்.

கிணற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1990க்குப் பிறகு வருடக்கணக்காக மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் சனம் உயிர் தப்பியது கிணற்றாலும் வளவாலும்தான். பங்கர் வெட்டியதும் வளவில், மரவள்ளி நட்டதும் வளவில். அது பழைய கதை என்றால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. டீசல் இல்லை, காஸ் இல்லை. கொழும்புப் பிளாட்டில் இருந்த என் சித்தி குடும்பத்துக்கு லிஃப்ட் நின்றது, தண்ணீர் மோட்டர் நின்றது, அடுப்பு எரியவில்லை. ஜெனரேற்றர் இருந்தது, ஊற்ற டீசல் இல்லை. கோண்டாவிலில் பெரியம்மா பன்னாடையும் கொக்கறையும் பொறுக்கி அடுப்பு மூட்டி, கிணற்றில் வாளி போட்டு அள்ளிச் சமைத்தா. இங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறவர்களுக்கு நான் காணியோடு வீடு என்று சொல்வதற்கு முக்கிய காரணம் இதுதான். ஒன்றரைப் பரப்பாக இருந்தாலும், சின்ன வீடாக இருந்தாலும், நகரத்திலிருந்து சற்று விலகி மானிப்பாயிலோ உரும்பிராயிலோ இருந்தாலும் பரவாயில்லை. இந்த நாட்டில் கெட்ட காலம் திரும்பி வராது என்று எவராவது எழுதித் தந்தால் நான் கருத்தை மாற்றுகிறேன்.

இனி எழுத்து விடயம். காணி உறுதி எங்களுக்குப் பழக்கமானது. நொத்தாரிசு, தோம்பு, எல்லை, வரைபடம் எல்லாம் தெரியும். தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள், அது இன்றும் எங்கட காணிகளில் உயிரோடு இருக்கிறது. பங்குக் காணியொன்றை விற்பதென்றால் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வெளியாளுக்கு விற்ற பிறகு பங்காளி வழக்கு வைத்த கதைகள் ஊரில் எத்தனையோ. தனிவீடு வாங்குகிறவர் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தொடர்மாடிக்கு வேறு சட்டம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும்தான் ஆதாரம். நில அளவையாளர் கட்டடத்தை மாடி மாடியாக, அலகு அலகாக அளந்து வரைபடம் தயாரித்து, அது காணிப் பதிவகத்தில் பதிவானால்தான் உங்கள் அலகுக்கென்று தனி உரிமை பிறக்கிறது. நிலம், படிக்கட்டு, மொட்டைமாடி, லிஃப்ட் எல்லாம் பொதுவானவை. அவற்றில் உங்களுக்குப் பிரிக்கப்படாத ஒரு பங்குதான். சில இடங்களில் கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்த பிறகும் அந்த வரைபடம் பதிவாகாமல் கிடக்கும். அந்த நிலையில் உங்களிடம் இருப்பது ஒரு ஒப்பந்தக் கடதாசி மட்டுமே. வங்கி ஈடு எடுக்காது, விற்கப் போனால் வாங்குகிறவரின் சட்டத்தரணி திருப்பி அனுப்பிவிடுவார். காசு முழுவதும் கொடுக்க முன்னம் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இன்னொரு முடிச்சு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், இலங்கைக் குடியுரிமை இல்லாதவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. தொடர்மாடிக்கு அதில் விலக்கு உண்டு. முதலில் அது நான்காம் மாடிக்கும் அதற்கு மேலும் என்றிருந்தது. முழுப் பணத்தையும் வெளிநாட்டு நாணயமாக முன்கூட்டியே கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு இந்தத் தடை இல்லை. வாங்கும் நாளில் சட்டம் எப்படி இருக்கிறது என்று சட்டத்தரணியிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இந்தத் தடையைச் சுற்றி வருவதற்காகத் தம்பியின் பெயரிலும் மச்சானின் பெயரிலும் காணி வாங்கி, பிறகு தம்பியையும் இழந்து காணியையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும். அற்றோணித் தத்துவத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டு வருடக்கணக்காகத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் கள்ள உறுதிக்காரருக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. பத்து வருடம் தடையில்லாமல் இருந்தவர் ஆட்சியுரிமை கேட்கலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. யுத்தத்தால் இடம்பெயர்ந்தவருக்காக 2016இல் வந்த விசேட சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்குப் பாதுகாப்புத் தந்தது. 2009க்குப் பிறகு நீங்களாகவே பூட்டி வைத்த வீட்டுக்கு அது வராது.

தொடர்மாடியில் நான் ஆகக் கூடுதலாகப் பயப்படுவது கட்டடத்துக்கு அல்ல, கூட்டத்துக்கு. வரைபடம் பதிவானதும் உரிமையாளர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகிறது. மாதக் காசு அறவிடுவது, லிஃப்ட் திருத்துவது, பெயின்ற் அடிப்பது, பெரிய திருத்தத்துக்காகச் சேமிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கதியால் ஒன்று அரை அடி தள்ளி நட்டதற்காக இரண்டு தலைமுறை கோட்டுக்கு ஏறி இறங்கிய சமூகம் நாங்கள். ஒரே சுவரையும் ஒரே தண்ணீர்த் தாங்கியையும் பங்கிடப் பழக வேண்டும். உரிமையாளரில் பாதிப் பேர் கனடாவில் இருந்தால் கூட்டத்துக்கு வருவது யார்? கீழ்மாடிக்காரர் 'நான் லிஃப்டில் ஏறுவதில்லை, ஏன் காசு தர வேண்டும்' என்று கேட்டால் சமாளிப்பது யார்?

2021 ஜூனில் அமெரிக்காவின் புளோரிடாவில், சர்ஃப்சைட் என்ற கடற்கரை ஊரில், 12 மாடித் தொடர்மாடி ஒன்றின் ஒரு பகுதி நள்ளிரவில் இடிந்து விழுந்து 98 பேர் இறந்தார்கள். 1981இல் கட்டியது. கொன்கிறீட் பழுதாகிவிட்டது என்று பொறியியலாளர் முன்னமே எழுதிக் கொடுத்திருந்தார். திருத்தச் செலவு பெரிது, உரிமையாளர்களுக்குள் இழுபறி, வேலை தள்ளிப்போனது. உப்புக் காற்று கம்பியைத் தின்னும் என்பது எங்கட ஊருக்கும் பொருந்தும். மாதக் காசு குறைவு என்று சொல்லி விற்கும் தொடர்மாடியைக் கண்டால் நான் சந்தோசப்பட மாட்டேன். திருத்தத்துக்கு எவ்வளவு சேமிக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். கனடாவில் மார்க்கம் நகரத்தில் இருக்கும் என் மச்சான் 'கொண்டோ பீ' கூடுகிறது என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் சொல்வார். அங்கே அந்தக் காசைக் கட்டாமல் விடமுடியாது, அதனால்தான் கட்டடங்கள் ஓடுகின்றன. இங்கே அந்தப் பழக்கம் இனிமேல்தான் வர வேண்டும்.

பெரியம்மாவுக்கு இப்போது தனிய இருக்க முடியவில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று நாட்டில். தனித்த வயோதிபர்களின் வீடு புகுந்து அடித்துக் கொள்ளையடித்த செய்திகளைப் பத்திரிகையில் படித்துப் படித்து அவர்களுக்கு அங்கே நித்திரை இல்லை. வளவை விற்றுவிட்டு நல்லூரில் ஒரு பிளாட் எடுத்து அவவை இருத்தலாம் என்று முடிவெடுத்து, சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நான் போய்ச் சொன்னேன். லிஃப்ட் இருக்கு, காவலுக்கு ஆள் இருக்கு, கோயில் மணி கேக்கும் என்றேன். அவ முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,

"எல்லாம் சரி மோனை. நான் கண்ணை மூடினா என்னை எங்கை கிடத்துவியள்?" என்றா.

"ஏன் பெரியம்மா உப்பிடிக் கதைக்கிறியள்?"

"கதைக்காம? பிள்ளையள் பிளேன் ஏறி வந்து சேர மூண்டு நாளாகும். பந்தல் எங்கை போடுறது? வாற சனம் எங்கை இருக்கும்? லிஃப்டுக்குள்ளை பெட்டி போகுமே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. கொழும்பில் மலர்ச்சாலைக்குக் கொண்டுபோவார்கள், அங்கே சனம் பழகிவிட்டது. எங்கட ஊரில் செத்தவீடு என்றால் அது வீட்டில்தான். முற்றத்தில் பந்தல், விறாந்தையில் ஆட்கள், அயல்வீட்டில் தேத்தண்ணி. எட்டும் அந்தியேட்டியும் முடியும் வரை அந்த வளவு ஊருக்குப் பொதுவாக இருக்கும். இதை ஒரு கிழவியின் பயம் என்று நான் தள்ள மாட்டேன். கட்டுகிறவர்கள் கீழ்த்தளம் முழுவதையும் வாகனத் தரிப்பிடமாக்காமல், நல்லதுக்கும் கெட்டதுக்கும் பயன்படும் ஒரு மண்டபத்தை விட்டுக் கட்டினால் என்ன? பொங்கல் பானை வைக்க வெயில் விழும் ஒரு முற்றத்தை விட்டால் என்ன? விலை கொஞ்சம் கூடும். எங்கட வாழ்க்கை தெரிந்து கட்டிய கட்டடம் என்று சனம் தேடி வந்து வாங்கும்.

பெரியம்மா பிளாட்டுக்குப் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் ஒரு இளம் குடும்பம் அவவின் வீட்டில் பாதியில் குடிவந்திருக்கிறது. வாடகை குறைவு, முற்றம் அவர்கள் கூட்டுகிறார்கள், இரவில் வீட்டில் ஆளிருக்கிறது. பிள்ளைகளும் இப்போது நித்திரை கொள்கிறார்கள்.

இதைப் பார்த்த பிறகுதான் வெளிநாட்டில் இருக்கும் எங்கட ஆட்களிடம் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். உங்களுக்கு நிற்க ஒரு இடம் வேண்டுமென்றால், தண்ணீரையும் கழிவையும் பதிவையும் பார்த்து ஒரு தொடர்மாடி வாங்குங்கள், அல்லது வரும் மாதங்களுக்கு வாடகைக்கு எடுங்கள். காணிவீடுகளை இங்கே இருக்கப் போகிறவர்களுக்கு விடுங்கள். ஏற்கெனவே பூட்டி வைத்திருக்கும் வீடு இருந்தால் விற்க மனம் வராது, தாய் தகப்பன் இருந்த வீடு, எனக்கும் விளங்குகிறது. குத்தகைக்காவது கொடுங்கள். குடிவந்தவர் எழும்ப மாட்டார் என்ற பயம் நியாயமானது, பழைய வாடகைச் சட்டக் காலத்தில் பலர் பட்ட பாடு அது. ஆனால் குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தை மீளப் பெறுவதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. தவணை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து சுருக்கமான வழக்கு நடைமுறையில் வீட்டை எடுக்க அது வழி செய்கிறது. அதற்குக் குத்தகையை வாய்ப்பேச்சில் விடாமல் நொத்தாரிசு முன் எழுதிப் பதிந்திருக்க வேண்டும். அடுத்த முறை திருவிழாவுக்கு வரும்போது அந்த வேலையை முடித்துவிட்டுப் போங்கள். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாவிட்டால், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அதிபரிடம் கேளுங்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து, வாடகை வீடு தேடி அலையும் இரண்டு ஆசிரியர்களாவது அவரிடம் இருப்பார்கள்.